புளி போட்டுத் துலக்கிய காசுகள்

தாராவி,
27-7-1964

மகள் சண்முகவடிவுக்கு ஐயா ஆசியுடன் எழுதுவது.

பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே என் காசுப் பெட்டி திருட்டுப் போய்விட்டது. பாண்டியர் மீன் காசு, தூத்துக்குடியில் டச்சுக்காரன் அடித்த காசு, எல்லாம் போயிற்று. பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி, யாரும் சொல்லித் தராமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்துச் சேர்த்தவை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "சோனா ஹை க்யா?" என்றான் ஹவல்தார். தங்கம் இல்லை, செம்பு என்றேன். சிரித்தான்.

அன்று வீட்டுக்கு யார் வந்தது என்று கேட்டான். கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்த மாப்பிள்ளை பெயரைச் சொன்னேன். வந்தது அவர் ஒருவர்தானே. அவரிடமே சொல்லி அனுப்பலாம். விஷயம் அவரைப் பற்றியது என்பதால் தபாலில் எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்.

உன் ஐயா,
தளவாய்


காட்கோபர்,
2-8-1964

ஐயாவுக்கு வடிவு எழுதியது.

உங்கள் கடிதத்துக்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது. தோல் பட்டறையில் எல்லோரும் பார்க்க இவரைக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கேஸ் முடியும் வரை பட்டறைப் பக்கம் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். "ஒங்க ஐயாவுக்குக் கொழம்பு தூக்கிட்டுப் போனதுக்கு நல்ல கூலி கெடச்சிட்டு, ஏளா" என்றார் இவர்.

உங்கள் மாப்பிள்ளை பூலோகம் எடுக்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள் ஐயா.

வடிவு


தாராவி,
10-8-1964

வடிவுக்கு,

எடுக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? நான் பார்த்தேனா? எடுத்தார் என்றும் சொல்லவில்லையே.

போகட்டும், காசு அகப்பட்டுவிட்டது. அடுத்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் எடுத்து, கரீம் பாட்சாவின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறான். பாட்சா அதை உருக்க விடாமல் ஸ்டேஷனில் கொண்டு கொடுத்தார். மனுஷன்! இனி, அவை என்னுடையவை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் மாப்பிள்ளை பெயரை எடுத்துவிடுவார்களாம்.

எனக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியவில்லை. நான் வீட்டிலேயே பார்த்துச் சொல்ல, காசுகளை உன்னிடம் கொடுத்தனுப்ப இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். வாங்கி அனுப்பு.

ஐயா


காட்கோபர்,
15-8-1964

ஐயாவுக்கு,

காசுகளை வாங்கிவிட்டேன். ஒரே கறுப்பும் பச்சையுமாக, பார்க்கவே கூசியது. திருடன் கைபட்டு, குப்பையில் கிடந்த சாமான். நேற்று ஆடிக் கடைசி வெள்ளி வேறு, அப்படியே வீட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை. புளியில் ஊறப்போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி வந்திருக்கிறது. இவர்கூட எட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுச் சொரிமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள். தயவுசெய்து சீக்கிரம் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

வடிவு


தாராவி,
19-8-1964

வடிவுக்கு,

நீ அனுப்பியவை என் காசுகள் இல்லை.

அது அழுக்கு இல்லை, களிம்பு. மண்ணுக்குள் கிடந்த அத்தனை காலமும் அதில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அசலா போலியா என்று சொல்வோம். நீ மீனின் செதிலைக்கூட விட்டுவைக்கவில்லை. நேற்று அடித்த நயா பைசா மாதிரி பல்லைக் காட்டுகிறது.

திங்களன்று முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் போனேன். இவை உன்னுடையவையா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். இல்லை என்றேன். பச்சைக் காசு என்று எழுதிக் கொடுத்தவன், சிவப்புக் காசுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

தளவாய்


காட்கோபர்,
24-8-1964

ஐயாவுக்கு,

சுண்ணாம்புக்காரன் எடுத்தது உங்கள் காசு இல்லையென்றால் உங்கள் காசை எடுத்தது யார்? இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டுக்கொண்டு மறுபடி இவரைத்தான் கூட்டிப்போனார். இந்தத் தடவை வீட்டிலிருந்து, பிள்ளை பார்க்க.

நான் துலக்கியது தப்பு. தெரியாமல் செய்தேன். அதற்கு என்னைத் திட்டுங்கள், தெருவே கேட்கும்படி திட்டுங்கள். இவர் என்ன செய்தார்? "அந்த மனுசன் பேச்ச இனி இங்க எடுக்காத" என்கிறார். இத்தனை நாள் உங்களுக்காகப் பேசினேன். இனி என்னிடம் வார்த்தை இல்லை.

சண்முகவடிவு


தாராவி,
1-9-1964

மகளுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு இல்லை என்றாயே என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். என்னுடையவைதான், மகள் துலக்கியதில் நிறம் போயிற்று, அதையும் கீழே எழுதும் என்றேன். எழுதிய பிறகுதான் பேனாவைத் தொட்டேன். மாப்பிள்ளை பெயரை என் கண் முன்னால் அடிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நீ செய்தது தப்புதான். அதில் மாற்றம் இல்லை. அதற்காக அவர் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். "திருடினவன் அகப்பட்டாச்சு. எங்க மாப்பிள்ளை இல்ல" என்று முதலாளி முன்னால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவரும் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும்.

தெரியாததை எழுதுகிறேன். இன்று மத்தியானம் மறுபடி பட்டறைக்குப் போனேன். மாப்பிள்ளை தோல் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. டீக்காரரிடம் "மாமாவுக்கு ஒண்ணு" என்றார். "ஒங்களுக்கு?" என்று கேட்டேன். கத்தி தோலில் ஓடியது. நானும் டீயைத் தொடவில்லை. அதில் பாலாடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாளைக்கும் போவேன். அவர் இரண்டு டீ சொல்கிற வரைக்கும் போவேன்.

உன் ஐயா