அஞ்சலையின் அம்மா நான்காம் முறை இறந்தாள்

இன்று சாயங்காலம் அஞ்சலையின் அம்மா மறுபடியும் செத்துப்போனாள். இது நான்காவது முறை. பக்கத்தில் நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சைக்கிள் டியூப்பை ஒட்டக் கொண்டுபோயிருந்தேன். கடைக்கார பாய் ரப்பர் துண்டில் சொலூஷன் தடவி ஊதிக்கொண்டிருந்தார். அலமாரி மேல் அதே ரேடியோ. வால்வு சூடேறி உள்ளே தூசி பொசுங்கும் வாசனையும் சொலூஷன் வாசனையும் கலந்ததும், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி என்று மூக்கே சொல்லிவிட்டது. வக்கீல் மாமா குடும்பத்தின் சிரிப்பு நாடகம் ஆரம்பித்தது. வேலைக்காரி அஞ்சலை வந்தாள், அம்மா போய்விட்டாள் என்று அழுதாள், இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் மாமா சமையற்கட்டில் நுழைந்து குழம்பைக் கொட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் உன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்.

பதிவு அலுவலகத்தில் பிறப்பு இறப்பு ஏடுகளைப் பெயர்த்தெழுதுவது உன் வேலை. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. வாரம் முழுக்க அடுத்தவன் தப்பைப் பார்த்தே சோறு தின்றவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா இருந்திருக்கலாம். இருந்தோமா?

நான் பார்த்தது வீட்டை. மாடியே இல்லாத வீட்டில் மாமா மாடிப்படியில் உருண்டு விழுந்தார். மூத்த பிள்ளை மூன்று வருஷமாக பி.ஏ. முதல் வருஷத்திலேயே இருந்தான். கத்தரிக்காய் ஆகாது என்று ஒரு வாரம் முழுக்கச் சொறிந்த மாமி, அடுத்த மாதம் எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கினாள். நீ பார்த்தது ஆட்களை. யார் பிறந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் போனார்கள். அதற்கென்று ஒரு நோட்டு. அலுவலக ஏட்டைப் போலவே பக்கத்துக்குப் பக்கம் மூன்று விரல் அகலம் ஓரம் விட்டிருந்தாய்.

"எழுதினதை அழிக்கக் கூடாதுடா. தப்புன்னு தெரிஞ்சா ஓரத்துல எழுதணும். அதான் ஏடு."

நம் ஊரை விட்டுப் பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அந்த ஏட்டு வழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை.

அஞ்சலையின் அம்மா இரண்டாம் முறை இறந்த அன்று நான் குதித்தது உனக்கு நினைவிருக்கும்.

"பாத்தியா? வக்கீலோட மூக்குக்கண்ணாடிய எந்தக் கடையில வாங்கினதுன்னு நாடகம் எழுதுறவனுக்கு ஞாபகம் இருக்கு. வேலைக்காரியோட அம்மா செத்தது ஞாபகம் இல்ல. ஏழைன்னா பெத்தவளுக்குக் கூடவா கணக்கு இல்ல? ரேடியோக்காரனுக்கு எழுதுறேன் பாரு, நாறடிக்கிறேன்!"

"தம்பி, மொதல்ல பஞ்சருக்கு வழிய விட்டு நில்லுங்க," என்றார் பாய். "என்ன எழுத்தரே, அந்தம்மாவுக்கு ரெண்டாவது மவுத்தா? ஒங்க ஏட்டுல எடம் இருக்கா?"

"இருக்குங்க பாய். ஓரம் இருக்கே."

நீ ஓரத்தில் ஏதோ எழுதிக் கையால் மறைத்துக்கொண்டாய். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாய்.

"ஏன்டா, அவளுக்கு லீவு வேணும்ல?"

"என்னது?"

"அம்மா செத்தாத்தானே அந்த வீட்டுல லீவு குடுக்குறாங்க. புள்ளைக்குக் காய்ச்சலோ, புருசன் அடிச்சானோ, யாருக்குத் தெரியும்? அதச் சொன்னா விடுவாங்களா?"

"எழுதத் தெரியாதவனுக்கு நீ வக்காலத்து வாங்குற."

"அவனுக்கில்ல. அஞ்சலைக்கு."

கூலிக்காரர்களைப் பற்றிக் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, அனுப்பிய வேகத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தவன் நான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்த எரிச்சலில் அன்றே கடிதத்தைத் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை.

மூன்றாம் முறை அவள் இறந்த அன்று மழை விட்டிருந்தது. அரசலாற்றுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நான் வழக்கம்போல் கத்திக்கொண்டு வந்தேன். நடுப் பாலத்தில் நீ நின்றாய்.

"நானும் செத்தவன்தான்டா."

சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு முன் பிறந்த பையன் இரண்டு வயதில் போய்விட்டான். புனிதருக்கு நேர்ந்துகொண்ட பெயர் என்பதால் அடுத்துப் பிறந்த உனக்கும் அதே பெயரை வைத்தார்கள். உன் அப்பா அப்போது போலகத்தில் தங்கிக் கொத்து வேலையில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் பிறப்பைப் பதியும் கெடு தாண்டிவிட்டது. அதற்குமேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கூலிக்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? பள்ளியில் சேர்க்கும்போது உன் அம்மா அண்ணனின் பழைய பிறப்புச் சீட்டை நீட்டினாள். அதை வைத்தே படித்தாய், வேலையில் சேர்ந்தாய். ஒருநாள் பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதும்போது, உன் பெயர், உன் தாய் தகப்பன் பெயர், ஓரத்தில் 'இறந்தார்' என்ற குறிப்பு. உன் பிறப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அடப்பாவி, பேனா ஒன் கையிலதானே இருக்கு? ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது."

"உத்தரவு இல்லாம நான் ஒரு வரி எழுதினா, அப்புறம் அந்த ஏட்டை யாருடா நம்புவா?"

"அப்ப மனு போடு."

"போட்டா, அண்ணன் சீட்டுல வேலைக்குச் சேந்தவன்னு மொதல்ல வேலை போவும். எம்புள்ள ரோசலி கொஞ்சம் வளரட்டும்."

உன்னைக் கோழை என்றேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாய். இரண்டு மாதத்தில் மஞ்சள் காமாலை வந்தது. இடையில் எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம், பேசினோம். அந்தச் சொல்லை மட்டும் நான் திரும்ப எடுக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள், சாவைப் பதிய உன் மனைவி தெரேசும் நானும் உன் அலுவலகத்துக்குப் போனோம். உன் நாற்காலியில் புது ஆள். நல்ல பையன்தான். ஏட்டைப் புரட்டினான், நின்றான், மறுபடி புரட்டினான்.

"இவரு ரெண்டு வயசுலயே எறந்துட்டாருங்களே. மறுபடி எப்படிங்க எழுதறது?"

தெரேஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தாலி கட்டினது யாருங்க?"

தெரேஸ் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இப்ப ரோசலிக்கு அப்பா யாருண்ணே?"

ரேடியோக்காரன் மறந்தால் இல்லாத மாடிப்படி முளைக்கும். இங்கே ஒரு குழந்தையின் தகப்பன் காணாமல் போகிறான். கூலிக்காரனுக்கு ஒரு கெடு, அது தப்பினால் ஒரு கோர்ட்டு என்று வைத்த ஊரைத் திட்டத் தொண்டை வரை வந்தது. ஆனால் உன் மேசை முன்னால் நின்று எப்படிக் கத்துவது? "செத்தது இவரோட அண்ணனுங்க. இவரு பொறந்தத யாரும் எழுதல. அதுக்கு எங்க மனு போடணும், சொல்லுங்க," என்றேன். மனு போட்டோம். நீ போட்டிருந்தால் வேலை போயிருக்கும். நீ செத்த பிறகு போக என்ன இருக்கிறது? நீ பார்த்திருந்த அந்தக் கணக்கை அந்த வரிசையில் நின்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

கோர்ட்டில் சாட்சிகள் இரண்டு பேர், நானும் பாயும். பாய் சலவைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக வந்தார். இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் நீதிபதி.

"ஞாயித்துக்கெழம தவறாம என் கடை ஸ்டூல்ல ஒக்காருவாருங்க ஐயா. ஆடி ஆடி ஒரு கால ஒடைச்சே போட்டாரு. இல்லாத ஆளு எப்படிங்க ஸ்டூல ஒடைப்பாரு?"

நீதிபதி சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறையப் பேசுவதற்குத் தயாராகப் போயிருந்தேன். என்னால் சொல்ல முடிந்தது, "என் சிநேகிதருங்க," என்பது மட்டும்தான்.

செத்து ஏழு மாதம் கழித்து நீ பிறந்தாய். உத்தரவு வந்த அன்று, அந்தப் பையன் உன் பிறப்பை முதலில் எழுதினான். மை காய்ந்ததும் உன் இறப்பை எழுதினான். அண்ணன் அண்ணனாகவே இருக்கிறான். அவன் ஓரத்தில் யாரும் கை வைக்கவில்லை. இந்த வருஷம் ரோசலியைப் பள்ளியில் சேர்த்தபோது தகப்பன் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினார்கள். தெரேஸ் அந்த வரியை என்னை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள்.

பாலத்தில் சொன்ன சொல்லை அழிக்க முடியாது. அதன் ஓரத்தில் இந்த மடலை வைத்துக்கொள்.

உன் நோட்டை தெரேஸ் என்னிடம் கொடுத்தாள். அச்சுத் தாள்களோடு பையிலேயே கிடக்கிறது. அன்று நீ கையால் மறைத்ததை இப்போது படிக்கிறேன். அஞ்சலையின் அம்மா, இரண்டாம் முறை. ஓரத்தில்: 'முன்பே இறந்தவர். விடுப்புத் தேவை. தரலாம்.' மூன்றாம் முறைக்கு ஒரே சொல்: 'மேற்படி.'

இன்று நாடகம் முடிந்ததும் கடையிலேயே நோட்டைப் பிரித்தேன். தேதி போட்டேன். ஓரத்தில் என் கோணல் எழுத்தில் எழுதினேன். பாய் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன எழுதினீங்க தம்பி?"

"லீவு குடுத்தேன் பாய்."