அப்பாவின் பதினெட்டு

என் மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கும் போய் வருகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் நீ கேட்பாய், நான் ம் ம் என்பேன், அதற்குள் குட்டி போனைப் பிடுங்கிவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், நிதானமாகப் படி.

படுக்கை அறை ஏசி போய்விட்டது. கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னேன், உன் வீட்டில் எல்லாருமே சொல்லாமல் கொள்ளாமல்தான் கிளம்புவார்கள் போல என்றாள். அவள் வாய் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது, நானும் சிரித்துவிட்டேன். அப்பா ரொட்டி பேக்டரியில் நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றவர், வீட்டுக்கு வந்ததும் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் மல்லாந்து விழுவார், உனக்கே தெரியும். நான் பால் டிப்போவில் குளிர் அறையில் பாக்கெட் அடுக்குகிறவள், எனக்கு அங்கேயும் குளிர் இங்கேயும் குளிர். வேலைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாவையே மாட்டிக்கொண்டு சுவர் ஓரம் சுருண்டு கிடப்பேன், தூங்கப் போறியா டூட்டிக்குப் போறியா என்று கேலி பண்ணுவார். அவர் போன பிறகும் நான் அந்தப் பதினெட்டை மாற்றவில்லை. ஏன் என்று கேட்காதே, மாற்றணும் என்று தோன்றவில்லை, குல்லாவைப் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். ரிமோட்டைக் கையில் எடுத்தவர், வெளியிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியறோம், இப்பப் போய் பதினெட்டுல ஓட்டியிருக்கீங்களே, யாருக்கும்மா இவ்வளவு குளிரு என்றார். அவருக்கு என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அந்த ஆளுக்கு அப்பா விஷயம் தெரியாது, சார் வந்தா சொல்லுங்கம்மா, கம்ப்ரஸர் பாவம் என்றார். நான் சரி என்றேன்.

பழையதைச் சரி பண்ண முடியாது என்று மெக்கானிக் சொன்னதால்தான், குளிருக்குச் சூடும் தருகிற மாதிரி ஒன்று வாங்கட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். நீ, வெறும் ஏசி போதும்மா, குளிர்காலத்துக்குத்தான் இங்கே வந்துடப் போறீங்களே, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றாய். போனை வைத்துவிட்டதாக நினைத்து, அப்படியே வீட்டை வாடகைக்கு விட்டுடலாம் என்று மருமகளிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, நீ என் நல்லதுக்குத்தான் பேசுகிறாய்.

அப்படி ஒன்று இருக்கிறது, ஹீட் பம்ப் என்று பேர் என்று எனக்குச் சொன்னதே மெக்கானிக்தான். பார்க்க ஏசி மாதிரியேதான் இருக்கும், விலை கூட, ஆனால் வெயில் காலத்தில் குளிர வைக்கும், குளிர் காலத்தில் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே விடும், கம்பி ஹீட்டர் அளவுக்குக் கரண்ட் தின்னாது என்றார். வெளியே பல் கிட்டுகிற குளிர், அதில் ஏது சூடு, பால் டிப்போ குளிர் அறையில் நிற்கிற என் காதிலேயே பூ சுற்றுகிறீர்களா என்று கேட்டேன். எவ்வளவு குளிர்ந்தாலும் காற்றில் கொஞ்சம் இருக்கும்மா, உங்க டிப்போ குளிர் அறைக்குப் பின்னால் நின்னு பாத்திருக்கீங்களா என்றார். பார்க்காமல் என்ன. டீ நேரத்தில் நாங்கள் எல்லாரும் அங்கேதான் போய்க் கையைக் காட்டுவோம், அந்தப் பெரிய விசிறி சுடச்சுட ஊதும். பாலில் இருக்கிற சூட்டைத்தான் அது பிடுங்கி வெளியே தள்ளுது, இது அதையே திருப்பிப் பண்ணும், வெளியே பிடுங்கி உள்ளே தள்ளும் என்றார். அப்புறம் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அதன் முதுகுப் பக்கம் நின்றுதான் குளிர் காய்ந்திருக்கிறேன்.

ஹீட் பம்ப்பே வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் நீ டிக்கெட்டைப் பற்றிப் பேசுவாய். வெறும் ஏசி வாங்கினால் ஒவ்வொரு குளிருக்கும் பெட்டி கட்டணும், கட்டினால் திரும்பி வர வீடு இருக்காது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, மாடியில் வாயாடி ஒருத்தி இருக்கிறாள், போதும். மாட்டும்போது மெக்கானிக் பழைய இடத்திலேயே, ஜன்னல் பக்கம் ஊதுகிற மாதிரி வைக்கட்டுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஆள் இல்லை, சுவர் ஓரம் வையுங்கள் என்றேன். ஏணியில் இருந்தவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சரிம்மா என்று நகர்த்தி மாட்டினார்.

இப்போது அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. அவர் இருந்தால் அடுப்புக்குள்ள படுக்க வெச்சிட்டியே என்று கத்தியிருப்பார். குல்லாவைத் துவைத்து டிப்போவிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டேன். வெயில் வந்தால் எத்தனையில் வைப்பது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுக்காதே. லீவு கிடைத்தால் நீங்கள் மூன்று பேரும் வாருங்கள், குட்டியை ஜன்னல் பக்கம் படுக்க வைக்கிறேன். உன் வீட்டு ஏசியின் தூசி வலையைக் கழற்றிக் கழுவு, நீ சோம்பேறி. எங்கே இருந்தாலும் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருங்கள்.

வீட்டில் இருக்கும்,
உன் அம்மா