எங்கள் சந்துக்கு வந்த ஆற்றுத் தண்ணீர்

அக்கா,

இன்று காலை குழாயில் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. எட்டு நாள் கழித்து வந்த தண்ணீர். குடத்தில் விழுந்ததுமே ஈரமண் வாசம் எழுந்தது; அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் என் வீட்டுக் குழாயடியை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்களே!

மூடி மறைப்பானேன்? உங்கள்மேல் எனக்குப் பொறாமை. அடுத்தடுத்த வீட்டில் இருந்த இத்தனை வருடமும் பொறாமைதான்.

நம் சந்தில் பதினோரு வீடு. பத்து வீட்டிலும் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. எங்கள் போரில் சில நாள் சாயப்பட்டறை நிறமும் சேர்ந்து வரும். ஒரு மாதம் வெளிர் ஊதா, அடுத்த மாதம் பச்சை. எந்த நாட்டுக்காரனுக்கு என்ன நிறத்தில் பனியன் போகிறது என்பதை என் வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உங்கள் போரில் மட்டும் நல்ல தண்ணீர். நம் இரண்டு போருக்கும் நடுவே இருபதடிகூட இருக்காது. அடியில் ஏதோ பாறை குறுக்கே நின்று உங்கள் பக்கத்தைக் காப்பாற்றுகிறது என்றார்கள். அந்தப் பாறை என் பக்கம் நின்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று சாமியிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

காலையில் நீங்கள் மோட்டார் போட்டதும் சந்தே உங்கள் வாசலில் கூடிவிடும். பிசிறு வெட்ட வாங்கிய பனியன் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். குடம் நிறையும் வரை தொங்கும் நூலைக் கத்தரித்தபடியே பேச்சு ஓடும். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாச் சேதியும் உங்கள் வாசலில் இறங்கிவிட்டுத்தான் எனக்கு வரும், அதுவும் ஆறிப்போய்.

நீங்கள் கொஞ்சம் அதிகாரமாவது செய்திருக்கலாம். நானும் நாலு வார்த்தை வைதுவிட்டு ஆறியிருப்பேன். "வா கண்ணு, மொதல்ல நீ புடி. உன்ற ஊட்டுக்காரருக்கு வேலைக்கு நேரமாச்சு" என்பீர்கள். என்னைவிட இரண்டே வயது மூப்பு. அதற்குக் கண்ணாம், கண்ணு! என் வீட்டுக்காரரோ காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அவங்க ஊட்டுத் தண்ணிதானே? அதுதான் காபி காபியாட்ட இருக்குது" என்பார். போட்டவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மனு எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். சந்து நன்றாக இருக்கவேண்டும் என்று அலைகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உங்கள் வாசல் காலியாக வேண்டும், அதற்குத்தான் அலைந்தேன். மூன்று வீட்டுக்காரர்கள் மசியவில்லை. "அக்கா ஊட்டுல நல்ல தண்ணி கெடைக்குதுங்களே, எதுக்குங்க சந்தைத் தோண்டிக்கிட்டு?" என்றார்கள்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "நேத்து அவங்க தண்ணியிலதாங்க பருப்பு வெச்சேன். மத்தியானம் வரைக்கும் வேகவே இல்லீங்க. அந்தப் போர்லயும் உப்பு ஏறிப்போச்சுங்க."

மூன்று கையெழுத்தும் விழுந்தன. கடைசியாக உங்களிடம் வந்தேன். படித்துக்கூடப் பார்க்காமல் எல்லோர் கையெழுத்துக்கும் கீழே போட்டுக்கொடுத்தீர்கள்.

குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் விட்ட நாளில் மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, நான்தான் திறந்தேன். மேற்கே நல்ல மழை பெய்துகொண்டிருந்த நேரம் அது. குபுகுபுவென்று சிவப்பாக வந்தது. நம் ஊரில் நிறத்தோடு தண்ணீர் வந்தால் வேறென்ன நினைப்பார்கள்? "ஐயோ, குழாய்லயும் சாயமுங்க!" என்று ஒருத்தி கத்தினாள். குடம் குடமாகச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். நானும் சாயம் என்றுதான் நினைத்தேன். பல்லடம் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவளுக்கு ஆறு எங்கே தெரியும்? எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நீங்கள் மடத்துக்குளத்துக்காரர், ஆற்றில் குளித்து வளர்ந்தவர். முன்னால் வந்து உள்ளங்கையில் பிடித்தீர்கள். மோந்து பார்த்தீர்கள். மடக்கென்று குடித்துவிட்டீர்கள். "சாயமில்லீங்க, இது மண்ணு. எங்கூரு ஆத்துல புதுத்தண்ணி வந்தா இப்படித்தான் வரும். கொட்டாதீங்க, குடத்துல வெச்சுத் தெளிய உடுங்க."

மத்தியானத்துக்குள் தெளிந்தது. சந்தும் அடங்கியது. குழாயைக் கொண்டுவர அலைந்தவள் நான். அதை நம்பவைத்த பெருமை உங்களுக்கு. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து, "என்ற தண்ணியில பருப்பு வேகலைன்னு சொன்னவளுக்கு நானே சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு பாரு கண்ணு" என்றீர்கள். சிரித்தபடி சொன்னீர்கள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த வார்த்தையைப் பற்றிப் பேச அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருந்தது, நான் பேசவில்லை.

உங்கள் வாசல் காலியாகிவிட்டதா என்ன? மோட்டார் நின்றது, கூட்டம் நிற்கவில்லை. குடம் இல்லாமல் பனியன் மூட்டையோடு மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் போன அன்று சந்தே கூடி அழுதது. எனக்கு இத்தனை பேர் அழுவார்களா என்று எழவு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால் காறித் துப்புவார்கள்.

இப்போது உங்கள் வீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இந்த ஊரில் நிறத்தண்ணீரைத் தொடாதே என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. இன்று காலை குடத்தோடு ஓடி வந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். "ஏக்கா, இங்க பாருங்கக்கா! சாயத்தண்ணியத் தொறந்து விட்டுட்டாய்ங்க!"

உள்ளங்கையில் பிடித்தேன். மோந்து பார்த்தேன். குடித்தேன். "சாயமில்ல அம்மிணி, மண்ணு. தெளிய உடு" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "எங்கூரு ஆத்துல இப்படித்தான் வரும்" என்றேன். எனக்கேது ஆறு? செத்தவர் ஆற்றையும் திருடிவிட்டேன். மூன்று பேரும் என் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நீங்கள் பார்க்க இல்லையே என்றும் இருந்தது.

அவர்கள் போன பிறகு, தெளிந்த தண்ணீரை மேலாக மொண்டு பருப்பு வைத்தேன். மனுவுக்கு முதலில் மசியாத அந்த மூன்று வீட்டுக்காரர்களும் இன்னும் இதே சந்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல இன்றைக்கும் கால் எழவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு உங்கள் தண்ணீரில் பருப்பு வெந்ததுங்க அக்கா. குழையக் குழைய வெந்தது.