சாவிக்கு நிற்காத எஞ்சின்

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் சொன்னால் உங்கள் தம்பி பக்கத்தில் நிற்பான். அதனால்தான் கடிதம்.

பழைய லாரிக்கு எந்த டீசல் எஞ்சின் என்று நீங்களும் தம்பியும் எவ்வளவு வாதாடினீர்கள். பேருந்திலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டரை முன் அச்சு தாங்காது. நாலு சிலிண்டர் டர்போவைத் தையல் மெஷின் என்று கேலி செய்தீர்கள். லாரியோடு வந்த டூ ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றீர்கள். தம்பி உங்கள் பேச்சைத் தட்டுவானா? அதையே சரிசெய்து பூட்டினான்.

இன்று காலை பட்டறையில் ஸ்டார்ட் செய்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வேகம் ஏறியது. சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. டீசல் குழாயை அடைத்தான். அப்போதும் நிற்கவில்லை. தன் ஆயிலையே குடித்து ஓடியது. வெடித்துவிடும், காற்றை அடைத்தால்தான் நிற்கும் என்று மெக்கானிக் அலறினார்.

காற்றை அடைக்கும் மூடி இல்லை. அது அடிக்கடி தானாக விழுகிறது, தொல்லை என்று, போன முறை வந்தபோது நீங்கள் கழற்றிப் போட்டீர்கள்.

எல்லோரும் வெளியே ஓடினோம். அவன் ஓடவில்லை. ஒரு பலகையைக் காற்று வாயில் வைத்து அழுத்தினான். “விட்டுட்டு வாடா” என்று கத்தினேன். “கிட்ட வராதீங்க அண்ணி, அண்ணன் எஞ்சின் போயிடும்” என்றான். எஞ்சின் போய்விடுமாம்.

நின்றது. பிறகும் அவன் பலகையை விடவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தையல் மெஷின்னா துணியைத்தான் கிழிக்கும், இது ஆளையே கிழிச்சிருக்கும் என்றார் மெக்கானிக். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலமே, ஆயிலை உள்ளே கசியவிட்ட சீலை மாற்றத் தொடங்கிவிட்டான். “அண்ணன் கேட்டா ஓடுதுன்னு சொல்லிடுங்க” என்கிறான். அவனைக் கேட்காமல் லாரி பேட்டரியைக் கழற்றி நம் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டேன். தேடுகிறான். எனக்கெப்படித் தெரியும் என்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும்.

அவனுக்கு உங்களிடம் பயமில்லை. உங்கள் முகம் வாடிவிடுமோ என்றுதான் பயம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவனைப் போனில் கூப்பிடுங்கள். வண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். கை வலிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, அந்த எஞ்சின் வேண்டாம்டா என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். நான் சொன்னால் அது அண்ணியின் பயம். நீங்கள் சொன்னால்தான் விடுவான்.

அதுவரை அவன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்காமல் இருக்கட்டும்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
மனைவி