பூச்சாடியில் அப்பாவின் மாத்திரை

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார், நீ அனுப்பிய டாஃபடில் பூக்கள் நன்றாக இருப்பதாக உன் அப்பா சொல்கிறார். இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நெஞ்சு வலி சரியாகி அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பத்துப் பூ வந்து இறங்கியது, கூடவே 'இது வாடுறதுக்குள்ள வந்து நிப்பேன்' என்று உன் அட்டை. எழுதுவதை எழுதிவிட்டு நீ இரண்டு தடவை டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய், லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி, இங்கே ஒருவர் அந்த அட்டையைக் கோர்ட்டுத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். குளிர்பானக் கம்பெனி லேபில் முப்பது வருஷம் சர்க்கரைத் தண்ணீரைச் சோதித்த மனிதர் கையில் ஒரு பூச்சாடி கிடைத்தால் கேட்க வேண்டுமா? தண்டிலிருந்து கொழகொழவென்று சாறு வடியுமாம், அது மற்ற பூக்களுக்கு ஆகாதாம், அதனால் வேறு பூவே இல்லாவிட்டாலும் முதல் நாள் முழுக்க என் நல்ல குண்டானில் தனியாக ஊறவைத்தார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, தண்ணீர் கெடாமலிருக்க நாலு சொட்டு பிளீச்சிங் திரவம். நாற்பது வருஷத்தில் எனக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கலந்து கொடுத்தவரில்லை. பழத்துக்குப் பக்கத்தில் பூ இருந்தால் சீக்கிரம் வாடுமாம், அதனால் வாழைப்பழம் சாப்பாட்டு மேஜையிலிருந்து என் தலைமாட்டுக்குக் குடியேறியது. இதெல்லாம் போக, தினமும் பூவின் நிலையை எழுத ஒரு நோட்டு.

ஆறாம் நாள் தண்ணீர் மாற்றும்போது சாடியின் அடியில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தால் மாத்திரைத் தூள். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் தினம் ஒன்று போடச் சொன்ன அதே ஆஸ்பிரின். பூவுக்கு நல்லதென்று யாரோ சொன்னார்களாம், வேறு மாத்திரை வாங்கப் போனால் நான் கேள்வி கேட்பேனாம், தன்னுடையதையே போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாடியோடு சேர்த்து அவரையும் வெளியே வைத்திருப்பேன். கத்தித் தீர்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒரு மாத்திரை குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது. பூ வாடிட்டா அவ வரமாட்டாளோன்னு பயமா இருக்கு" என்றார். சாடியைக் கழுவி, பூவை நானே மறுபடி அடுக்கினேன். டாக்டரிடம் சொல்லி நாலு திட்டு வாங்கிக்கொடுத்தேன், அன்றிலிருந்து மாத்திரை என் கண்ணெதிரில்தான் உள்ளே போகிறது.

ஒன்பதாம் நாள் பூவெல்லாம் காகிதமாகக் காய்ந்துவிட்டது. அவர் தூங்கும்போது பழையதை எடுத்துப்போட்டுக் கடையில் புதிதாக வாங்கி வைத்தேன். அவசரத்தில் பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு வாங்கிவிட்டேன் என்பது வைத்தபிறகுதான் தெரிந்தது. எழுந்து வந்து பார்த்தார், மூச்சுவிடவில்லை, நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றோடு இருபத்திரண்டு நாள். பூ மறுபடி தொங்கியதால் காலையில் கடைக்குப் போனேன். பூக்காரி என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள். "போன வாரம் உங்க வீட்டுக்காரர் வந்து சரியா பன்னிரண்டு எண்ணி வாங்கிட்டுப் போனாருக்கா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றாள். நடைப்பயிற்சி என்று கிளம்பிப்போனது இதற்குத்தான். பூ இத்தனை நாள் தாங்குவது அவர் கலவையால் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் நாளுக்கு நேராக, 'பூக்கள் பன்னிரண்டு. நல்ல முன்னேற்றம்' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறார். யார் காதில் யார் பூச்சுற்றினோம் என்றே தெரியவில்லை. சிரித்துச் சிரித்து, பிறகு கொஞ்சம் அழுதுவிட்டு, நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, உன் மேலதிகாரிக்கும் நல்ல புத்தி வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இன்று வாங்கியது இன்னும் மொட்டாகத்தான் இருக்கிறது, எப்படியும் ஒரு வாரம் தாங்கும். ஆனால் சீசன் முடிந்துவிட்டதாம், அதுதான் கடைசிக் கட்டு என்று சொல்லித்தான் பூக்காரி கொடுத்தாள். இனி எங்கள் இரண்டு பேருக்கும் வாங்கப் பூ இல்லை.

இப்படிக்கு,
பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா