ஹீட்டர் போட்டு வத்தளைக்குப் போன ஜீப்

இன்று காலை தேத்தண்ணீரோடு முன்கதவைத் திறந்தேன். சீனிப்பாகு அடிப்பிடித்ததுபோல் அந்த மணம். ஜீப்புக்கு அடியில் பச்சையாக ஒரு சின்னக் குளம். ரேடியேட்டர் தண்ணீர் மறுபடியும் ஒழுகியிருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி வருடம் திரும்பப் போகிறது. உங்கள் ஜீப் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

இன்றைக்கென்று பார்த்தா இப்படிச் செய்யவேண்டும்? பத்து மணிக்கு அதை வாங்க ஆள் வர இருந்தது. கியர்பாக்ஸ் வழுக்குகிறது. அதைத் திருத்தக் கொட்டாஞ்சேனைக் கராஜ் பாஸ் சொன்ன தொகையைக் கேட்டு நான் உட்காரக் கதிரையைத் தேடினேன். என் பென்சனில் அது நடவாத காரியம், ஜீப்பை விற்றே ஆகவேண்டும். அதற்கும் பாஸ் வழி சொல்லித் தந்தார். "நோனா, ஆள் வாறதுக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணி எஞ்சினைச் சூடாக்கி வையுங்க. கியரைப் பத்தி வாயே திறக்க வேணாம்."

சாவியை எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிய அன்று நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கினீர்கள். அடுத்த கிழமையே, வத்தளையில் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில், எஞ்சின் கொதிக்கத் தொடங்கியது. உச்சி வெயில். நான் காஞ்சிபுரம் சேலையில். நீங்கள் ஹீட்டரைப் போட்டீர்கள்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன்.

"சூட்டை இஞ்சாலை இழுத்தால்தான் எஞ்சின் ஆறும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

மண்டபத்தில் இறங்கும்போது என் முகத்துப் பவுடர் கழுத்துக்கு வந்திருந்தது. பெண்ணின் தாய் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்களே இப்பிடி அழுதால் நான் என்ன செய்யிறது" என்றாள்.

அதற்குப் பிறகு தண்ணீர்ப் பம்ப், ஏசி கம்பிரஸர், முன்சில்லுப் புஷ், ஹெட் காஸ்கெட். எது போனாலும் "சின்ன வேலைதானப்பா" என்பீர்கள். அந்தச் சின்ன வேலைகளுக்குக் கொடுத்ததைச் சேர்த்திருந்தால் வெள்ளவத்தையில் கடல் பார்த்த வீடே வாங்கியிருக்கலாம்.

சாவியைத் திரும்ப மேசையில் வைத்தேன். ஒருவரை ஏமாற்றி விற்க எனக்கு மனம் வரவில்லை.

வந்தவர் அண்மையில் பென்சன் எடுத்தவர். கூடவே மனைவி. அவர் ஒன்றும் கேட்கும் முன்பே என் வாய் திறந்துவிட்டது. "காலமையிலை ரெண்டு மூண்டு தரம் அடிச்சால்தான் ஸ்டார்ட் வரும். மூண்டாம் கியருக்கு மாறேக்கை வழுக்கும். ஏத்தத்திலை ஏசியை நிப்பாட்ட வேணும்."

மனிதர் ஓடிவிடுவார் என்று பார்த்தேன். அவர் சேர்ட் கையை மடித்தார். குந்தியிருந்து பச்சைத் தண்ணீரில் விரலைத் தொட்டு மணந்தார். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நிலத்தில் படுத்து உள்ளே நுழைந்தார். கடவுளே, உங்கள் கூட்டத்து ஆள்.

அந்த மனுசியையாவது காப்பாற்றுவோம் என்று குசினிக்குக் கூட்டிப்போனேன். "வேண்டாம் தங்கச்சி. உது காசைத் தின்னும், நல்ல சேலையோடை ஏறவும் ஏலாது."

அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். "அக்கா, வேலையை விட்ட நாளிலையிருந்து இவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் சத்தமில்லை. இப்ப கேளுங்கோ."

ஜீப்புக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து ஆள் எதையோ விளக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நல்ல வாகனமெண்டால் நானே வேண்டாமெண்டிருப்பன்" என்றாள் அவள்.

அச்சாரம் தந்துவிட்டார்கள். நாளைக்கு வந்து எடுப்பார்கள். அவர்கள் போனபின் உங்கள் சீட்டில் ஏறியிருந்து நன்றாக அழுதேன்.

பின்னேரம் மரக்கறி வாங்க ஓட்டோவில் போனேன். காலி வீதியில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிரீச்சென்றது.

"தம்பி, பிரேக் ஷூ தேய்ஞ்சு இரும்பு உரசுது. இப்பவே மாத்துங்கோ. டிரம்மும் போனால் செலவு ரெட்டிப்பு" என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஆன்ட்டி கராஜிலையா வேலை?"

"இல்லை. என்ரை மனுசன் சாப்பிடேக்கை உதுகளைப் பற்றித்தான் கதைப்பார்."

நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லையப்பா. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.