வரி செலுத்துவோருக்கு மட்டும்

அன்புள்ள சிநேகாவுக்கு,

அந்தக் குளிரில் நீ நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்கள் நாள் விடிகிறது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, மனம்தான் கொதிக்கிறது. நான் வரி கட்டுகிறேன் என்று சொல்லும் மனிதருக்கு எதிரில் நிற்பவர் ஏன் எதுவுமே கட்டாதவராகத் தெரிகிறார்? இத்தனை வருடம் கல்லூரியில் பொது நிதிப் பாடம் நடத்தியும் எனக்கு விடை தெரியவில்லை.

நம் நகரின் பூங்காவுக்குக் குடியிருப்போர் சங்கம் பூட்டு போட்டுவிட்டது. வாசலில் 'வரி செலுத்துவோருக்கு மட்டும்' என்று பலகை. மனை பிரித்தபோதே ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம் அது, சங்கத்தின் சொத்து இல்லை. பின்னால் இருக்கும் காலனிக்காரர்கள் வரக் கூடாது என்பதைத்தான் இப்படி நாசூக்காக எழுதியிருக்கிறார்கள். அப்பா பிறந்து வளர்ந்த காலனி, உன் சித்தப்பா பெஞ்சமின் இன்றும் குடியிருக்கும் காலனி. சித்தப்பா மகள் ஜெபா காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், அடுத்த மாதம் செங்கல்பட்டில் ஓட்டத் தேர்வு. பழகுவதற்கு அவளுக்கு இருந்தது அந்தப் பூங்காவின் நடைபாதை ஒன்றுதான், மாமல்லபுரம் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சங்கச் செயலாளர் ராஜாராம் அவளை வாசலில் நிறுத்தி, "டாக்ஸ் கட்றவங்க வாக்கிங் போற இடம்மா இது, உங்களுக்குதான் எல்லாமே ஃப்ரீயா வருதே" என்றாராம். "வூட்டு வரி ரசீத லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிகினு ஓடுறேன் சார், போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்தவள், என்னிடம் "ஓடிப் பழகலன்னா நான் அவுட்டு பெரிம்மா" என்று அழுதாள். பெஞ்சமினோ "வுடுங்க அண்ணி, அந்த ஆளோட இன்னா பேஜாரு" என்கிறான். விட வேண்டுமாம்!

காலனிக்காரர்கள் வாங்கும் சோப்பிலும் ஆட்டோவுக்குப் போடும் டீசலிலும் வரி இருக்கிறது, அதைக்கூட விடு. இல்லாவிட்டாலும் ராஜாராம் சொல்வது தவறுதான். பணத்தைக் கொடுத்து, அதற்குப் பதிலாக இன்னது எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அது கட்டணம். சங்கத்துக்கு மாதாமாதம் தருவது அதுதான். கட்டியவர் யார், அனுபவிப்பவர் யார் என்று பிரிக்காமல் பொதுவில் போய்ச் சேர்வதற்குத்தான் வரி என்று பெயர். பிள்ளை இல்லாதவர் கட்டிய வரியிலும் பள்ளிக்கூடம் நடக்கிறது, ராஜாராம் படித்த அரசுக் கல்லூரியும் அப்படித்தான் நடந்தது. வரி கட்டினேன், ஆகவே பூங்கா என்னுடையது என்கிறவர் தான் கட்டியதை விலை என்று சொல்லட்டும். அதிலும் இவர் மாடி வாடகையை ரொக்கமாக வாங்கி, கணக்கில் காட்டாமல் இருப்பவர்.

நாளை சங்கக் கூட்டம். இதுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேனே தவிர அங்கே வாய் திறந்ததில்லை. நாளை பேசப் போகிறேன், பேசினால் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமலேயே. சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள் என்று நீ புலம்பினால் புலம்பிக்கொள், இவரைப் போல மட்டும் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஓட்டத்துக்கு முன் ஜெபாவிடம் ஒரு வார்த்தை பேசு, மறந்துவிடாதே. கர்த்தர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கூட்டமும் முடிந்துவிட்டது. பேசினேன். "மேடம் கிளாஸ் எடுக்கறாங்கப்பா" என்று யாரோ சிரித்தார்கள். பூட்டு இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். ஜெபா "மேடத்தோட சொந்தம்" என்பதால் தேர்வு முடியும்வரை அவளுக்கு மட்டும் ஒரு சாவி தரலாம் என்றார் ராஜாராம், பெரிய மனதோடு. வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் வெளியே நின்றிருந்த ஜெபா உள்ளே வந்து, "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. நேரே போய்க் கதவைத் திறந்தாள், ஓட ஆரம்பித்தாள். கதவை மூடவில்லை. சற்று நேரத்தில் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். ராஜாராம் போய்ச் சாவியைத் திருப்பிக் கேட்டார். "இன்னும் ரவுண்டு பாக்கி கீது சார், முடிச்சிட்டுத் தர்றேன்" என்று அவள் ஓடிக்கொண்டே சொன்னாள். இருட்டும்வரை முடிக்கவில்லை.